சொறிக்கு மில்லுச் சேறு

துரைமார் கப்பலேறிப் போகும்போது நாற்காலியை விற்பார்கள், கட்டிலை விற்பார்கள், பியானோப் பெட்டியைக்கூட யாராவது வாங்கிக்கொள்வார்கள். நாயைத்தான் யாரும் வாங்கமாட்டார்கள். அதைப் பட்லரிடம் விட்டு, நன்றாகப் பார்த்துக்கொள் என்று சொல்லி, தலையைத் தடவிக்கொடுத்துப் போவார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டும் போவார்கள். பட்லர் ஒரு மாதம் பார்த்துக்கொள்வான். அதற்குள் அடுத்த துரை தம்முடைய நாயோடு வந்து இறங்கிவிடுவார். பழைய நாய் பங்களாவின் பின்வாசலுக்கு வரும். பின்வாசலிலிருந்து வேலிக்கு வரும். வேலியிலிருந்து, தங்கச் சுரங்கக் கூலிகள் குடியிருக்கிற எங்கள் லைனுக்கு வந்துவிடும்.

எல்லாம் முழங்கால் உயரம்கூட இல்லாத நாய்கள். சீமையில் எலி பிடிக்க வளர்த்த சாதி என்று சொல்வார்கள். ரொட்டியும் கறியும் தின்று வளர்ந்தவை. எங்கள் லைன் நாய்களோடு சண்டை போட அவற்றுக்குத் தெரியாது. எச்சில் இலைக்கு முந்தத் தெரியாது. கோலார் வெயில் தாங்காது. பத்து நாளில் உண்ணி ஏறும், இருபது நாளில் காதில் புழு வைக்கும், ஒரு மாதத்தில் சொறி பிடித்து மயிரெல்லாம் கொட்டி, எலி பிடிக்க வந்த நாயே பெரிய எலி மாதிரி ஆகிவிடும்.

நான் இதை ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்குப் பிறகு பிழைக்க வந்தவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் மரம் கட்டும் வேலை செய்தார், அதாவது மேலே இருக்கிற பாறை விழாமல் கட்டைகளை முட்டுக் கொடுக்கிற வேலை. நான் மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்புவரை போனவள். வேதம் வாசிப்பேன், கடிதம் எழுதுவேன், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. இரண்டு பெண் குழந்தைகள். வீடு என்பது மூங்கில் தட்டிச் சுவரும் புல் கூரையும்தான். அதில் ஒரு நாளும் நாய் வளர்க்க வேண்டும் என்று நினைத்ததில்லை.

ஒரு மழை நாளில் முழங்கால் போட்டு ஜெபித்துக்கொண்டிருந்தேன். என்னவோ ஒன்று வந்து என் தொடையில் சாய்ந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஜெபத்தின் நடுவில் கண் திறக்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆமென் சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன். வெள்ளையும் பழுப்புமாய் ஒரு குட்டை நாய். வலது காது முழுக்கப் புழு. அதைத் தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் ஏழைகளையும் நோயாளிகளையும் நினைத்தருளும் என்று அப்போதுதான் ஒரு வாக்கியம் சொல்லி முடித்திருந்தேன். வாய் மூடுவதற்குள் கையால் தள்ளினால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. அவ்வளவுதான் ஆரம்பம்.

சீத்தாப்பழ இலையை அரைத்துச் சாறு பிழிந்து காதில் விட்டேன். கொண்டை ஊசியால் புழுவை ஒவ்வொன்றாக எடுத்தேன். புங்கெண்ணெயில் கற்பூரம் கரைத்து மூன்று வாரம் ஊற்றினேன். நாய் பிழைத்துக்கொண்டது. பாலகாட் சுரங்கத்துப் பக்கம் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர் எலித் தொல்லை பொறுக்கமுடியாமல் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இது எனக்கு ஒரு வழி காட்டியது. அதன்பிறகு தேறிய நாய்களை எல்லாம் மண்டிக்கும் தானியக் கடைக்கும் கொடுத்துவிடுவேன். அவர்கள் சோறு போடுவார்கள், இவை எலி பிடிக்கும், யாருக்கும் யாரும் பாரமில்லை.

தேறாதவைதான் அதிகம். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஒன்று சாகும்போது, ஆண்டவரே இதோடு போதும், இனி என் வாசலுக்கு அனுப்பாதேயும் என்று கெஞ்சிக் கேட்பேன். அடுத்த வாரமே எந்தப் பட்லராவது கோணிப்பையை வாசலில் வைத்துவிட்டு, யம்மா, கொஞ்சம் பாத்துக்கங்க என்று சொல்லிக்கொண்டே நடப்பான், நின்று பேசக்கூட மாட்டான். கை வலிக்கும், இடுப்பு வலிக்கும். என் பெண்களின் தலையை வாரிவிடாமல் நாயின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேனே என்று மனசு வலிக்கும்.

வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ஆனால் வாய் சும்மா இருக்காது. கால் முறிந்த ஒரு நாய்க்கு உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்து மூங்கில் பட்டை வைத்துக் கட்டினேன். அவர் கேட்டார்: "எனக்கு வாரத்துல முட்டை ஒண்ணு கெடையாது. நாய் காலுக்கு ரெண்டா? அடுத்த வாரம் நானும் ஷாஃப்ட் குழில கால ஒடச்சிகினு வரேன், எனக்கும் ஒண்ணு தடவு."

சுரங்கத்தில் அப்போதெல்லாம் தொப்பியில் களிமண்ணால் ஒட்டிவைக்கிற மெழுகுவர்த்திதான் வெளிச்சம். அது கொழுப்பில் செய்தது. எரிந்து மிஞ்சிய துண்டை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். கால் முறிந்த அதே நாய் மூன்று காலில் நொண்டிப் போய், சட்டைப்பையோடு சேர்த்து அதைத் தின்றுவிட்டது. "வெளக்கையே முழுங்கிட்டான். இன்னிமே இருட்டுல இவன் வாயத் தொறந்தா போதும்" என்றார். சட்டையை நான்தான் தைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவள், ஆற்காட்டுப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். நாலு வீடு தள்ளிப் பேசினாலும் அவள் குரல் எங்கள் அடுப்படியில் கேட்கும். தினமும் காலையில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலித் தட்டிக்கு மேலே தலையை நீட்டுவாள். "இன்னாக்கா, உன் ஆஸ்பத்திரில இன்னிக்கு எத்தினி பேரு? டாக்டரம்மா கஞ்சி குடிச்சாச்சா, இல்ல நோயாளிங்க குடிச்ச மிச்சந்தானா?" அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண் இருந்தாள். அந்தக் குழந்தைக்குக் கைவிரல் இடுக்கெல்லாம் சிரங்கு. இவர்களைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மில்லுச் சேற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத்திலிருந்து வரும் பாறையை இரும்பு உலக்கைகள் இடித்துப் பொடியாக்குகிற இடத்தை மில்லு என்போம். பொடியைத் தண்ணீரோடு ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் சாம்பல் நிறச் சேறாக வாய்க்காலில் வந்து, மண்மேட்டுக்குப் பின்னால் குட்டையாகத் தேங்கும். வெண்ணெய் மாதிரி வழுவழுப்பான சேறு. ஒரு நாள் சொறி பிடித்த ஒரு நாய் அரிப்புத் தாங்காமல் தானே போய் அதில் புரண்டு வந்தது. காய்ந்ததும் சொறிவதை நிறுத்திவிட்டது. அதைப் பார்த்துத்தான் நான் மற்ற நாய்களுக்கும் பூச ஆரம்பித்தேன். இரண்டு பூச்சில் பொருக்கு உதிர்ந்து, மொட்டையடித்த தலை மாதிரி சுத்தமாகத் தெரியும். வேப்பெண்ணெயும் கந்தகமும் ஒரு மாதம் போட்டால் ஆகிற காரியம்.

நாய்க்குக் கேட்டதைப் பார்த்து லைன் பெண்கள் பிள்ளைகளுக்குப் பூசினார்கள். என் பெண்களுக்கு நானே பூசியிருக்கிறேன். சனிக்கிழமை பகலில் சிரங்குப் பிள்ளைகளை எல்லாம் இழுத்துக்கொண்டு குட்டைக்குப் போவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சேறு பூசி, வெயிலில் வரிசையாக நிறுத்திவைத்து, காய்ந்ததும் உதிர்த்துக் கழுவிக் கூட்டிவருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்கு வரும்போது பிள்ளைகள் சொறியாமல் உட்கார்ந்திருக்கும். குட்டைக்கு இந்துப் பிள்ளைகளும் வரும், துலுக்கப் பிள்ளைகளும் வரும். எப்படிப் பூச வேண்டும், எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது நான். நாய்க்காரம்மா வைத்தியம் என்று பேர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, ஒளிப்பானேன்.

நாய்க்குப் பூசும்போது மட்டும் வாயைத் துணியால் கட்டிவிடுவேன். நக்கினால் வயிற்றால் போகும்.

அப்புறம் ஒரு கோடைக்கு முன்னால் லைனில் வெறிநாய் புகுந்து இரண்டு பேரைக் கடித்துவிட்டது. திங்கட்கிழமை தமுக்கு அடித்துச் சொன்னார்கள், வீட்டுக்கு எத்தனை நாய் என்றும் எழுதிக்கொண்டு போனார்கள். வருகிற சனிக்கிழமை கம்பெனி வாச்மேன்கள் வீடு வீடாக வந்து பார்ப்பார்களாம். கட்டாத நாயையும் சொறிநாயையும் அந்த இடத்திலேயே அடித்துவிடுவார்களாம். கட்டிவைத்த நாய், தோல் சுத்தமாக இருந்தால் விட்டுவிடுவார்களாம்.

அப்போது என்னிடம் மூன்று நாய்கள். இரண்டு தேறிவிட்டன, பயமில்லை. மூன்றாவது ஒரு செம்பட்டைப் பெட்டை. வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. யாரோ கயிற்றால் வாயைக் கட்டிப் போட்டு மறந்துபோயிருக்கிறார்கள். கயிறு அறுத்து வாயின் இரண்டு ஓரமும் புண். முதுகிலும் வயிற்றிலும் ஒரு மயிர் இல்லை. எலும்பு எண்ணலாம். ஆனாலும் நான் கஞ்சிக் கலயத்தைக் கையில் எடுத்தால், அந்த மயிரில்லாத வாலை ஆட்டும். எத்தனையோ நாய் பார்த்து மரத்துப்போன எனக்கும் அது ஆட்டுகிற வாலைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இந்த ஒன்றைக் காப்பாற்றிக்கொடும் என்று ஜெபித்தேன். வாச்மேன் வருவதற்கு ஐந்து நாள். கந்தகத்துக்கு நேரமில்லை. சேறுதான் வழி.

இரண்டு நாள் கஞ்சி ஊற்றிக் கொஞ்சம் தெம்பு வரவிட்டு, வியாழக்கிழமை பகலில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு குட்டைக்குப் போனேன். கழுத்திலிருந்து வால்வரை அழுத்திப் பூசினேன். ஆவாரஞ்செடியில் கட்டினேன். வாயைக் கட்டத் துணியை எடுத்தேன். புண் இருந்த இடத்தில் துணி பட்டதும் அது முனகியது, அடிக்கிறவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தது. ஏற்கெனவே ஒருவன் கட்டிய வாய். நானும் கட்டவா என்று தோன்றியது. நக்கினால் வயிற்றால்தானே போகும், போகட்டும் என்று துணியை மடியில் வைத்துக்கொண்டேன்.

காய்வதற்காக உட்கார்ந்து ஒரு கீர்த்தனை பாட ஆரம்பித்தேன். நாய் முன்னங்காலை நக்கியது. நான் சூ என்றேன். நிறுத்தியது. மறுபடி நக்கியது. இரண்டாம் சரணம் பாடும்போது எழுந்து நின்றது, குடித்தவன் மாதிரி ஆடியது, பக்கவாட்டில் விழுந்தது. நாலு காலும் ஓடுகிற மாதிரி உதைத்தன. மூச்சு இரைத்தது. நான் வாயைத் திறந்து சேற்றைத் துடைத்தேன். கழுவ வேண்டும் என்று ஓடிப்போய் அந்தக் குட்டைத் தண்ணீரையே இரண்டு கையாலும் அள்ளி வந்து அதன் வாயில் விட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை விட்டேன். பிறகு அது அசையவில்லை.

சேறு பாதிகூடக் காயவில்லை.

கோணியில் சுற்றிக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் புதைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி தட்டிக்கு மேலே பார்த்தாள். வழக்கமான கேலி இல்லை. "அக்கா, வெறி கிறி புடிச்சு செத்துதா? உன்ன கடிக்கலியே? கைய காட்டு." நான் கையைக் காட்டினேன். எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. துக்கத்தால் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தவருக்குக் கஞ்சி ஊற்றி வைத்தேன். நாய் செத்துப்போனதைச் சொன்னேன். கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

"எங்க பூசின?"

"மேட்டுக்குப் பின்னால. எப்பவும் பூசற எடத்துலதான்."

கலயத்தைக் கீழே வைத்தார். "அங்க இந்தத் திங்கக்கெழமலேர்ந்து புதுத் தொட்டித் தண்ணியில்ல வந்துகினு கீது."

"இன்னா தொட்டி?"

"சயனைடு தொட்டி. சேத்துல மிச்சம் கீற தங்கத்தயும் கரைச்சி எடுக்கறானாம். மில்லு ஆளுங்க சொல்றாங்க, அதுல தொட்ட கைய கழுவாம வாயில வெச்சா ஆள் காலின்னு. காக்கா குடிச்சா அங்கயே வுழுதாம்."

"இத்த ஏன் எங்கிட்ட சொல்லல?"

"புதுசா தொட்டி கட்றான்னு சொன்னேன்ல?"

"தொட்டி கட்றான்னு சொன்னீங்க. வெஷம்னு சொன்னீங்களா?"

"எனக்கே போன வாரந்தான் தெரியும். நீ நாயத் தூக்கினு அங்க போவேன்னு நான் இன்னாத்த கண்டேன்?"

இரண்டு பேரும் களைத்திருந்தோம். சண்டை அதற்குமேல் போகவில்லை. அவர் கலயத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "நாளன்னிக்கு சனிக்கெழம" என்று மட்டும் சொன்னார். நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெண்கள் சுவரோரம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். லைனில் விரல் சூப்பாத குழந்தை எது?

வெள்ளிக்கிழமை காலையில் முதலில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். நாளைக்குக் குட்டைக்குப் போகாதே, தண்ணீர் கெட்டுவிட்டது, நாய் அதனால்தான் செத்தது என்றேன்.

"போக்கா. சாவறதுக்குன்னே வந்த நாயி அது. எலும்பு எண்ணினேன் நானு. அது செத்துதுன்னா எம்பொண்ணு சொறிஞ்சினு கெடக்கணுமா? நீதான பூசச் சொன்ன? போன மாசங்கூட, நல்லா தேய்டின்னு திட்டினியே."

அவள் சொன்னது நிஜம். ஏழெட்டு வீட்டில் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி, வெறி பிடித்த நாயை வைத்திருந்ததை மறைக்கத்தான் நான் கதை சொல்கிறேன் என்றாள். இன்னொருத்தி, மில்லுக்காரன் விஷத்தைத் திறந்த வாய்க்காலில் விடுவானா என்று கேட்டாள். மில்லு வாசலில் இருந்த காவல்காரரிடம் போய், குட்டைப் பக்கம் ஒரு பலகையாவது எழுதி வைக்கக் கூடாதா என்று கேட்டேன். "வெச்சா படிக்கறதுக்கு லைன்ல நீ ஒருத்திதாம்மா கீற. உனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே" என்றார். கெட்டவர் இல்லை, அவருக்கும் அலுப்பு.

வெள்ளி மாலையில் பெண்கள் ஜெபக்கூட்டம். எங்களில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா நடத்துவார்கள். பாட்டு, வேத வாசிப்பு, கடைசியில் சாட்சி. ஆண்டவர் அந்த வாரம் செய்த நன்மையை யாராவது எழுந்து சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டது, கடிதம் வந்தது, சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கூண்டு அறுந்தும் புருஷன் பிழைத்தான், இப்படி. நான் எப்போதும் தேறிய நாயைப் பற்றித்தான் சொல்வேன். அவர்களும் சிரித்துக்கொண்டே அல்லேலூயா சொல்வார்கள். ஆகையால் நான் எழுந்ததும் எல்லார் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த வாரம் நான் ஒரு நாயக் கொன்னுட்டேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. சேறு பூசியதைச் சொன்னேன். வாயைக் கட்டாததைச் சொன்னேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாத ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். "அது வுழுந்து கெடக்கும்போது அந்தத் தண்ணியவே அள்ளி அது வாயில ஊத்தினேன். காப்பாத்தறேன்னு ஊத்தினேன். மூணு வாட்டி ஊத்தினேன். என் கையாலதான் செத்துது. அந்தச் சேத்த உங்க புள்ளைங்களுக்குப் பூசச் சொன்னதும் நான்தான்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பின்வரிசையில் ஒரு கைக்குழந்தைக்காரி கேட்டாள்: "நக்கினதுலேர்ந்து சாவறதுக்கு எவ்ளோ நேரமாச்சு?"

"நாம மொதல்ல பாடினமே அந்தப் பாட்டு, அவ்ளோ நேரங்கூட ஆவல."

அவள் தன் குழந்தையின் கையை வாயிலிருந்து இழுத்தாள். பக்கத்தில் இருந்தவளும் தன் குழந்தையின் கையை இழுத்தாள். அப்போதுதான் நம்பிவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஐயரம்மா ஜெபித்தார்கள். என்ன ஜெபித்தார்கள் என்று என் காதில் ஏறவில்லை.

ஆனால் ஜெபக்கூட்டத்துக்கு வராத வீடுகள்தான் லைனில் அதிகம். சனிக்கிழமை காலையிலேயே புறப்பட்டேன். வீட்டுக்காரருக்கு அன்று இரண்டாம் ஷிஃப்ட். "வாச்மேன் வந்தா நாய் ரெண்டையும் நீங்கதான் பாத்துக்கணும்" என்றேன். "நான் புடிச்சினு கீறேன், நீ போ" என்றார். நாயை அவர் அதற்கு முன் தொட்டதில்லை.

மண்மேட்டை ஒட்டிக் குட்டைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் குறுக்கே உட்கார்ந்தேன். நிற்கத் தெம்பில்லை. வந்தவர்களிடம் சொன்னேன். சிலர் திரும்பினார்கள். சிலர் என்னைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார்கள், நானும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தேன். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் மாதிரிதான் இருந்திருக்கும். பகல் ஏறும்போது பக்கத்து வீட்டுக்காரி பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலைந்து பேரோடு வந்தாள்.

"யக்கா, வழிய வுடு. மரியாதயா சொல்றேன்."

"வுட மாட்டேன்."

"நீ யாரு, குட்டை உன்னுதா? கம்பெனிக்காரன் கேக்கல, நீ கேக்கற?"

நான் பேசிப் பேசி ஓய்ந்திருந்தேன். சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. "நான் பெத்த ரெண்டு மேல ஆணையா சொல்றேன்டி" என்றேன். நாங்கள் ஆணையிடக்கூடாது. அது வேதத்தில் விலக்கினது. அது அவளுக்கும் தெரியும். எத்தனையோ தடவை அவள் சத்தியம் பண்ணச் சொல்லி வம்புக்கு இழுத்தும் நான் பண்ணினதில்லை.

அவள் என்னையே பார்த்தாள். குழந்தை இடுப்பிலிருந்து இறங்கப் பார்த்தது. இறங்கவிடவில்லை. மெதுவாகத் திரும்பி, கூட வந்தவர்களைப் பார்த்து ஒரே சத்தம் போட்டாள். "இன்னா பாத்துகினு நிக்கறீங்க? போங்கடி வூட்டுக்கு! குட்டைல வெஷம் கலந்து கீதாம், நாயி செத்து வுழுந்துதாம். புள்ளய பொதைக்கணும்னு ஆசயா?" அந்தக் குரல் மேட்டில் பட்டு அடுத்த லைன்வரை போயிருக்கும். பிறகு அவளும் என் பக்கத்தில் பாதையில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம்வரை வந்தவர்களை எல்லாம் அவள்தான் திட்டித் திருப்பினாள். நான் சொன்னதைவிட அவள் திட்டினது நன்றாக வேலை செய்தது. அன்றைக்கு ஒரு பிள்ளையும் அந்தச் சேற்றில் இறங்கவில்லை. அதற்கு நான் சாட்சி.

வீட்டுக்குப் போனபோது அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். பெரியவள்தான் நடந்ததைச் சொன்னாள். வாச்மேன்கள் வந்தார்களாம். அப்பா இரண்டு நாயையும் இரண்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாராம். மூணு நாய் என்று எழுதியிருக்கிறதே, மூணாவது எங்கே என்று கேட்டார்களாம். புதைத்த இடத்தை அப்பா காட்டினாராம். "சொறிநாய்தான? எங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்களாம். எனக்கு அழுகைகூட வரவில்லை. படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் முழுக்கப் பிள்ளைகள் சொறிகிற சத்தம். ஐயர் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தார். தாய்மார் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நன்றி சொல்கிற பார்வை இல்லை அது.

திங்கட்கிழமை காலையில் கதவுத் தட்டியைத் திறந்தேன். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி பெண்ணோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர், ஆளுக்கு ஒன்றும் இரண்டுமாகச் சிரங்குப் பிள்ளைகளோடு.

"சேறு வேணான்னு நீதானக்கா சொன்ன? இப்போ நீயே பாரு. உங்கிட்ட நாய்க்குப் போடற எண்ண கீதில்ல?"

பூதிகோட்டையிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவருகிறவளிடம் அந்த வாரம் வாங்கின வேப்பெண்ணெய் ஒரு குடுவை இருந்தது. நாய்களுக்கு வைத்திருந்தது. கந்தகத்தை அம்மியில் வைத்தேன். ஒரு மாதமாவது தினமும் பூச வேண்டும், இது சேறு மாதிரி சட்டென்று கேட்காது என்றேன். பொறுமை இருந்தால் வாருங்கள் என்றேன்.

"நீ இன்னா, எங்களயா பொறுமைய கேக்கற?" என்றாள் அவள். குழந்தையைக் கொண்டுவந்து என் முன்னால் உட்காரவைத்து, அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் அரைக்க ஆரம்பித்தேன்.